சிறுநீர்ப் பட்டையும் செல்போன் கேமராவும்

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். புரதம், சர்க்கரை போன்றவை இருந்தால் நிறம் மாறும் கட்டங்கள் கொண்ட பரிசோதனைப் பட்டையைச் சிறுநீரில் முக்கி, ஜன்னலோரம் வைத்துச் செல்போனில் படம் எடுத்தேன். படத்தில் நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லும் செயலி ‘புரதம் 1+’ என்றது, அதாவது சிறுநீரில் புரதம் இருக்கிறதாம். பயந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பச்சைத் திரைச்சீலையின் சாயல் பட்டையில் விழுந்திருக்கிறது. புரதக் கட்டம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுவதைத்தானே செயலி பார்க்கிறது!

இப்போது என் முறை இதுதான். காலையில் முதல் சிறுநீர், அதிலும் முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான கப்பில் பிடிக்கச் சொல்வேன். பட்டையை எடுத்ததும் டப்பாவை உடனே மூடிவிடுவேன், ஈரக்காற்று பட்டால் மற்ற பட்டைகளும் பாழ். முக்கி எடுத்து, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றிவிட்டு, படுக்கைவாட்டில் நிறத்தை ஒப்பிட உதவும் வண்ண அட்டைமேல் வைப்பேன். முக்கியபின் எவ்வளவு நேரத்தில் நிறத்தைப் பார்க்கிறோம் என்பது முக்கியம்: என் டப்பாவில் போட்டிருப்பது, சர்க்கரைக்கு 30 வினாடி, நைட்ரைட்டுக்கு (பாக்டீரியா தொற்றைக் காட்டும் வேதிப்பொருள்) 60, வெள்ளையணுவுக்கு 120. ஃபிளாஷ் வேண்டாம், நிழலும் விழக்கூடாது. வைட்டமின் சி மாத்திரை போட்டிருந்தால் சர்க்கரை, ரத்தம், நைட்ரைட் எல்லாம் இல்லாததுபோலக் காட்டலாம்.

ஒன்று மட்டும்: இந்தப் பட்டை வைரஸைக் கண்டுபிடிக்காது. சிறுநீரில் நைட்ரைட் உண்டாவது சிலவகை பாக்டீரியாவின் வேலை. ஜிகா போன்ற வைரஸின் மரபணு சிறுநீரில் தென்படும்தான், ஆனால் அதற்கு ஆய்வகத்தில் பிசிஆர் (மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வேண்டும். டெங்கு சந்தேகமா, ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அம்மாவை அன்று சாயங்காலமே அழைத்துப் போனேன்.