லண்டன் டிக்கெட் போடும்போது வழியையும் பாருங்கள்

போன வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் அக்காவுக்கு லண்டன் டிக்கெட் பார்த்தோம். விலை குறைவாக வந்தது சிங்கப்பூர் வழி. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து லண்டன் நேராகச் சுமார் 8,700 கிலோமீட்டர். கிழக்கே சிங்கப்பூர் போய், அங்கிருந்து லண்டன் போனால் 13,500ஐத் தாண்டும். போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிப் பறக்க இவ்வளவு எரிபொருளா? மனசு கேட்கவில்லை.

துபாய், தோஹா அப்படியல்ல. போகிற பாதையிலேயே இருப்பதால் தூரம் அதிகம் கூடுவதில்லை. ஆனாலும் விமானம் கிளம்பி மேலே ஏறும்போதுதான் எரிபொருளை அள்ளிக் குடிக்கும். இடையில் இறங்கினால் அது இரண்டு தடவை. அதனால் நேரடி விமானம் கிடைத்தால் முதலில் அதுதான். டொரொண்டோ மாதிரி நேரடியாகப் போக முடியாத ஊர் என்றால், ஒரே இடத்தில் மாறுகிற வழியாகத் தேடுங்கள்.

அப்புறம் விமானத்தின் வகை. ஏர்பஸ் ஏ350, போயிங் 787 போன்ற புதியவை பழையவற்றைவிடக் குறைவாகவே எரிக்கும். கூகுள் ஃபிளைட்ஸில் தேடினால் ஒவ்வொரு பயணத்துக்கும் எரிபொருள் எரிந்து வெளியாகும் கார்பன் அளவைக் கிலோவில் காட்டும், விலை இருக்கிற அதே வரியில். அக்கா அதைப் பார்த்துத்தான் நேரடி விமானத்துக்கு மாறினார்.