பழைய பாலத்தில் ஜியோகேஷிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தின் நடுவில் நின்று போனைப் பார்த்தால் திசைமுள் ஓரிடத்தில் நிற்காது. பெட்டி இடப்பக்கம் பன்னிரண்டு மீற்றரில் என்று காட்டும். இடப்பக்கம் வாவி. இரண்டு அடி வைத்தால் வலப்பக்கம் என்று காட்டும், அங்கேயும் வாவிதான். ஜியோகேஷிங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆப்தான் பிழை என்று அதை அழித்துவிட்டுப் போவது இந்த இடத்தில்தான்.

ஜியோகேஷிங்கில் ஒருவர் பெட்டியொன்றை மறைத்து வைத்து அதன் ஆள்கூற்றை, அதாவது இடத்தைக் காட்டும் அகலக்கோடு, நெடுங்கோட்டு எண்களை, இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். 2000 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய விளையாட்டு இது.

ஆப் பிழை இல்லை. 1924இல் கட்டிய அந்தப் பாலம் இரும்புச் சட்டங்களால் ஆனது. போனின் திசைகாட்டி காந்தத்தை நம்பி வேலை செய்வது. இவ்வளவு இரும்புக்குள் அது வடக்கைத் தவறவிடும். செய்மதி சிக்னலும் சட்டங்களில் பட்டுத் தெறித்து வருவதால் காட்டும் இடம் சில மீற்றர் விலகும். பாலத்தை விட்டு முப்பது மீற்றராவது வெளியே வந்து, வெட்டவெளியில் திசையைப் பிடியுங்கள். அப்புறம் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

ஆள்கூற்றை அடிக்கும்போதும் கவனம் வேண்டும். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ வடக்கு 7 பாகை 43 நிமிடம், கிழக்கு 81 பாகை 42 நிமிடம். அதை அப்படியே 7.43, 81.42 என்று கூகுள் மேப்பில் அடித்தால் 40 கிலோமீற்றருக்கு மேல் தென்மேற்கே, மகாஓயாப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும்: 7.717, 81.7.

நான் மிகவும் பயப்படும் தவறு வேறு. வெளிநாடுகளில் பழைய தோட்டாப் பெட்டிகளில் கொப்பியை வைத்து மறைப்பது வழக்கம். இரும்பு உறுதியானது, தண்ணீர் போகாது. எங்கள் ஊரில் அதைச் செய்யவே கூடாது. முப்பது வருட யுத்தத்தைக் கண்ட சனம், 2019 ஏப்ரலில் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர். பாலத்தடியில் டேப் சுற்றிய பெட்டியைக் காண்கிற ஒரு தாய்க்கு என்ன தோன்றும்? உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி மட்டும் வையுங்கள். இது விளையாட்டுப் பெட்டி என்று தமிழிலும் சிங்களத்திலும் வெளியே எழுதி, தொடர்பு இலக்கமும் போடுங்கள். பாலத் தூணிலோ தேவாலயம், கோயில், பள்ளிவாசல் மதிலிலோ வைக்க வேண்டாம். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேடுகிறவருக்கும் இது பொருந்தும். யாருக்கும் தெரியாமல் எடுக்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பழக்கம். இங்கே அப்படிப் பதுங்கினால் சந்தேகம்தான் வரும். நண்பர் ஒருவர் கரையோரம் வைத்த பெட்டியை நான் குனிந்து துழாவியபோது, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா, “என்ன தம்பி, ஏதும் விழுந்திட்டா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொல்லிப் போனையும் காட்டினேன். தூண்டிலைக் கல்லில் சாத்தி வைத்துவிட்டு அவரும் கூடத் தேட வந்தார்.

வாழைச்சேனைக் காகித ஆலை போன்ற இடங்களுக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். வைக்கோலிலிருந்து காகிதம் செய்த ஆலை அது, பார்க்க ஆசை வரத்தான் செய்யும். ஆனாலும் மதில் ஏற வேண்டாம். பெட்டியை வெளியே, பொது வீதியோரம் வைத்து ஆலையின் கதையைத் தாளில் எழுதிப் போடலாம். கழன்று கிடக்கும் ஆணி, திருகு எதையும் நினைவுக்கென்று எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் பத்து வருடத்தில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. உப்புக்காற்றில் துரு உள்ளே தின்ற தகட்டில் கால் வைப்பதும் ஆபத்து. மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருக்கும்.

கொப்பியோடு பேனை வைக்காதீர்கள், மாரியில் மை கரைந்துவிடும். பென்சில் போதும். வாடை தொடங்கும் முன் ஒருமுறை போய் மூடியின் ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தால் பெட்டியையே மாற்றிவிடுங்கள்.