ஆளை மாத்தினால் போதுமா? பனியன் கம்பெனியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் போடும் நேரத்தில் நின்று கேட்டால் இந்தப் பேச்சு காதில் விழும்: "இப்ப வர்ற பசங்களுக்குப் பொறுப்பே இல்லீங்ண்ணா." ஆல்டர் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்கள்) கூடினாலும் ஆள் சரியில்லை, ஷிப்மெண்ட் தள்ளிப்போனாலும் ஆள் சரியில்லை. தையல் லைனில் சூப்பர்வைசராக இருந்தபோது நானும் இதைத்தான் சொன்னேன்.

பெரிய தவறு இதுதான். ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தை அவர் குணமும் அவர் இருக்கும் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்று உளவியலாளர் குர்ட் லெவின் 1936லேயே எழுதிவிட்டார். நாம் குணத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டெய்லர் ஒருவர், பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிறார். பாடிக்கு ஒரு ஷேடு, கைக்கு வேறு ஷேடு. கட்டிங்கில் பண்டல் மாறியிருக்கிறது. அவர் கண்ணுக்கும் அது தெரிகிறது. எழுந்துபோய்ச் சொல்லி, வேறு பண்டல் வரும்வரை காத்திருந்தால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. தைத்துத் தள்ளினால் காசு. தள்ளிவிடுகிறார். செக்கிங்கில் மாட்டியதும் திட்டு அவருக்கு. வேறு டெய்லரை உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும். வெட்டிய பீஸ்களுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், தப்பைக் காட்டியவருக்குக் காத்திருந்த நேரத்துக்கு ஷிஃப்ட் கணக்கில் காசு கொடுங்கள். அதே டெய்லர் வாய் திறப்பார்.

தர நிபுணர் டெமிங் பயிற்சி வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். 4,000 மணிகள், அதில் 800 சிவப்பு. 50 குழி உள்ள பலகையால் அள்ள வேண்டும். சிவப்பு வந்தால் குறை. குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக வந்தவருக்கு வசவு. பெட்டியில் ஐந்தில் ஒன்று சிவப்பு என்றால் அள்ளுகிறவர் என்ன செய்வார்? துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஊசி கெட்டு, துணி நெடுகக் கோடு விழுந்து வந்த ரோலுக்கு டெய்லரைத் திட்டுவதும் அந்தக் கதைதான்.

அடுத்து, ஒரு லைனுக்கு மூன்று எஜமானர்கள். ஒருவருக்கு ஒரே மேலாளர் சொன்னால் போதும் என்று பிரான்ஸின் சுரங்கப் பொறியாளர் ஃபயோல் 1916ல் எழுதினார். நம் குடும்பக் கம்பெனிகளிலோ பையரிடம் பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒன்று சொல்வார், ஓனர் ஒன்று, ஓனரின் மச்சான் இன்னொன்று. காலையில் ஏற்றிய ஸ்டைலை மத்தியானம் இறக்கினால் அன்றைய உற்பத்தி என்னாகும்?

நன்றாகத் தைப்பவரை அப்படியே சூப்பர்வைசர் ஆக்குவதும் உண்டு. நல்ல டெய்லர் ஒருவர் போய், தடுமாறும் சூப்பர்வைசர் ஒருவர் கிடைப்பார்.

அதற்காக எல்லாப் பழியையும் அமைப்பின்மேல் போட்டுவிடவும் முடியாது. தைக்கும்போது ஊசி முறிந்தால், துண்டு எதுவும் உடுப்பில் தங்கிவிடாதபடி எல்லாவற்றையும் தேடி ஒப்படைத்த பிறகே புது ஊசி தர வேண்டும். எங்கள் கம்பெனியிலும் அந்த விதி இருந்தது, ரிஜிஸ்டரும் இருந்தது. ஒருநாள் ஊசி கேட்டு வந்த பெண்ணிடம் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் ரிஜிஸ்டரில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஊசி முறியாமல் இல்லை; வெளிக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். லைனில் ஓடிக்கொண்டிருந்தது குழந்தைகள் உடுப்பு.