குடிக்கணக்கு எழுதுவது எப்படி: ஒரு தோட்ட நகரத்துக்கான செய்முறை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எந்தத் தாமானில், அதாவது குடியிருப்பில், போய்க் கேட்டாலும், குடிச்செலவு என்றால் போத்தல் விலையைத்தான் சொல்வார்கள். கணக்கில் அது முதல் வரிதான். பல வீடுகளில் ஆகச் சிறிய வரியும் அதுதான். மிச்ச வரிகளையெல்லாம் குடிக்காதவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்: மனைவி நகையாக, பிள்ளை பள்ளி நாளாக, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கமாக, அரசாங்கம் வார்டு கட்டிலாக. கோயில் கமிட்டியோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ 20, 30 வீடுகளை வைத்து ஒரே மாதத்தில் இந்தக் கணக்கை எழுதிவிடலாம். மாவட்ட அலுவலகத்தில் “எங்கள் பக்கம் குடி அதிகம்” என்று சொன்னால் தலையாட்டுவார்கள். எண்ணோடு போனால் உட்காரச் சொல்வார்கள்.

முதலில் இரண்டு நோட்டு வாங்குங்கள், ஒன்று வீட்டு நோட்டு, மற்றொன்று ஊர் நோட்டு. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லக்கூடாது. கணக்கு பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். போத்தலுக்குக் கொடுத்த பணம் வீட்டுக்கு நட்டம், ஆனால் ஊருக்குள்தான் சுற்றுகிறது. ஒரு பங்கு கடைக்காரருக்கும் ஒரு பங்கு வரியாகவும் போகிறது. அடகு வட்டியும் அப்படித்தான். அவசரப் பிரிவு, போலீஸ் வண்டி, பள்ளி வராத நாள், விபத்து இவையெல்லாம் ஊர் நோட்டுக்கு உரியவை. கலந்து எழுதினால் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணிவிட்டதாக யாராவது ஓர் அதிகாரி கண்டுபிடிப்பார். அதோடு மொத்தத் தாளும் மதிப்பிழந்துவிடும்.

கணக்கு சம்பள நாளில் தொடங்கி அடுத்த சம்பள நாளில் முடியட்டும். தீபாவளி மாதமும் தைப்பூச மாதமும் வேண்டாம். ஒன்றில் எண் ஏறிவிடும், மற்றதில் விரதத்தால் இறங்கிவிடும். கேட்கப் போகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். காலை பத்து மணிக்கு மேல், குடிப்பவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போங்கள். பெயர் எழுதாதீர்கள், வீட்டு எண்ணும் எழுதாதீர்கள். “அ1, அ2” என்று குறித்தால் போதும்.

போத்தல்

“எவ்வளவு குடிப்பார்?” என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் குறைவாகவே இருக்கும். காலி போத்தலை எண்ணச் சொல்லுங்கள். ஒரு சாக்கைக் கொடுத்து, குப்பைக்குப் போகும் ஒவ்வொரு போத்தலையும் டின்னையும் அதில் போட்டுவைக்கச் சொன்னால் மாதக் கடைசியில் சாக்கு பொய் சொல்லாது.

அடுத்து, மதுவின் எடையைக் கணக்கிடுங்கள். மில்லியை விழுக்காட்டால் பெருக்கி, நூறால் வகுத்து, வந்ததை 0.79ஆல் பெருக்கினால் சுத்த மது எத்தனை கிராம் என்று தெரியும். 700 மில்லி, 40 விழுக்காடு என்றால் சுமார் 221 கிராம். 320 மில்லி பீர் டின், 5 விழுக்காடு என்றால் சுமார் 12.6 கிராம். அதாவது ஒரு போத்தல் ஏறக்குறைய 17 டின்னுக்குச் சமம். இப்போது கடை விலையைக் கிராமால் வகுங்கள். எடுத்துக்காட்டுக்கு, பீர் டின் 8 வெள்ளி என்றால் கிராமுக்கு 63 காசு. மலிவான போத்தல் 22 வெள்ளி என்றால் கிராமுக்கு 10 காசு. ஏழை வீட்டுக்காரர் ஏன் சம்சு என்ற மலிவு வன்மது பக்கம் போகிறார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போத்தலைப் பார்க்கும்போதே இன்னும் மூன்றைக் கவனியுங்கள். வரி கட்டியதைக் காட்டும் சுங்கத்துறை ஒட்டுவில்லை இருக்கிறதா? எச்சரிக்கை வாசகம் அச்சாகியிருக்கிறதா? அளவு என்ன? 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. கலப்பு வன்மதுவை 700 மில்லிக்குக் குறைந்த போத்தலில் அடைக்கவும் கூடாது. பையில் போட்டுக்கொள்ளும்படி சின்னச் சின்னப் போத்தலாக வந்ததுதான் சம்சுவின் பலமே. அப்படி ஒரு சின்னப் போத்தலோ, மினரல் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி விற்றதோ சாக்கில் கிடைத்தால், விலையையும் தேதியையும் தனித்தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கூலி, நகை, கடன்

மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. மாதம் நான்கு திங்கட்கிழமை போகவில்லை என்றால் 261 வெள்ளி 50 காசு போச்சு. பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். அந்தக் கூலிக்கு முதலாளி போட வேண்டிய 13 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), 34 வெள்ளி, அதுவும் விழாது. வயதான காலத்தில்தான் இந்தத் துளை தெரியவரும்.

வேலைக்குப் போன நாளிலும் நட்டம் உண்டு. உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் மதுவைத்தான் கரைக்கும். மோர், எலுமிச்சை, குளியல், கறுப்புக் காப்பி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி பதினொரு மணிக்குள் அரைப் போத்தல், அதாவது 110 கிராம், உள்ளே போயிருந்தால் மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், நிற்கும்போது அதில் பாதிக்குக் கிட்ட இன்னும் உடம்பில் இருக்கும். அந்தக் கையில் நீளக் கழியும் அதன் நுனியில் செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும் இருக்கும். “தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சுட்டேன்” என்பதை நம்பி மண்டோர் (மேற்பார்வையாளர்) அவரை வேலைக்கு அனுப்பக்கூடாது.

நகையைப் பற்றி நேராகக் கேட்டால் அழுகைதான் வரும், எண் வராது. அடகுச் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தொகையும் தேதியும் அதிலேயே இருக்கும். உரிமம் பெற்ற அடகுக்கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது, மீட்கும் தவணை ஆறு மாதம். 1,000 வெள்ளிக்கு மாதம் 20, ஆறு மாதத்தில் 120. தவணை தாண்டிய சீட்டு இருந்தால் வட்டியை எழுதாதீர்கள், நகையின் இன்றைய மதிப்புக்கும் வாங்கிய கடனுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். உண்மையான இழப்பு அதுதான். கைமாற்று, வட்டிக்கடன் என்றால் ஒரே கேள்வி போதும்: அடமானம் இல்லாத கடனுக்குச் சட்டப்படி உச்ச வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு, 1,000 வெள்ளிக்கு மாதம் 15. அதற்கு மேல் கட்டுகிறார்கள் என்றால் அது ஆ லோங், சட்டவிரோத வட்டிக்காரர். ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கிறதா, கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஊர் நோட்டு

இதில் வெள்ளிக்கணக்கு எழுத முயலாதீர்கள். மலேசியக் குடியுரிமை உள்ளவர் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிவிட்டு வருகிறார். அந்த வருகைக்கு அரசாங்கத்துக்கு என்ன செலவானது என்று ஒரு கோயில் கமிட்டியால் சொல்ல முடியாது. தடவையையும் நாளையும் எண்ணுங்கள். ஆம்புலன்ஸ் வந்த தடவை, வார்டில் படுத்த நாள், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்கு அனுப்பிய தடவை, துணைக்குப் போனவர் வேலையை விட்ட நாள். தமிழ்ப்பள்ளியில் பெயர் கேட்காமல் திங்கட்கிழமை வராதவர் எண்ணிக்கையையும் வியாழக்கிழமை வராதவர் எண்ணிக்கையையும் மட்டும் வாங்கி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாமே குடியால் அல்ல, ஆனால் நான்கு வாரமும் அந்த இடைவெளி அப்படியே இருந்தால் பேச வேண்டியதுதான்.

இன்னொரு எண்ணும் தேவை. பெண்ணும் பிள்ளைகளும் ராத்திரியில் வேறு வீட்டில் போய்ப் படுத்த நாள் எத்தனை? போலீஸ் புகாரைவிட இது பல மடங்கு உண்மையாக இருக்கும். அப்படி ஒரு வீடு தெரியவந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டு 15999ஐ அழையுங்கள், அது தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண், நாள் முழுதும் இயங்கும். சமூகநலத்துறை அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், அதற்குப் போலீஸ் புகார் முன்கூட்டியே இருக்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிள் விபத்துக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 2020 அக்டோபரில் சட்டம் கடுமையானது. ரத்த வரம்பு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆனது. பிடிபட்டால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், 2 ஆண்டு வரை சிறை. குறைந்தபட்ச அபராதமே கிட்டத்தட்ட ஆறு மாத அடிப்படைச் சம்பளம். குடித்து ஓட்டி ஒருவர் செத்தால் 10 முதல் 15 ஆண்டு சிறையும், 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதமும். போதையில் ஓட்டிய வண்டியின் சேதத்துக்குக் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடும். மோதுண்டவருக்கு அது கொடுக்கும் பணத்தையும் ஓட்டியவரிடம் திருப்பிக் கேட்கலாம்.

போதைப்பொருள் வேறு கணக்கு

சாக்கு முறை இங்கே உதவாது. சியாபு என்ற மெத்தம்ஃபெட்டமின் போதைப்பொருளுக்குக் காலிப் போத்தல் கிடையாது. காணாமல் போன பொருள்தான் தடயம்: கேஸ் தோம்பு, குத்துவிளக்கு, தண்ணீர் மீட்டர், கேபிளின் செம்பு, கோயில் மணி. ஒரு மாதத்தில் தாமானில் தொலைந்த உலோகத்தை மட்டும் பட்டியல் போடுங்கள். ஒரு பித்தளை விளக்கு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும் விலை, புதிதாக வாங்கும் விலையில் சிறு பங்குதான். மிச்சம் யாருக்கும் போய்ச் சேராத முழு நட்டம், ஆகவே இதை மட்டும் ஊர் நோட்டில் வெள்ளியாகவே எழுதலாம்.

யார் எடுத்தார் என்று நோட்டில் எழுதவே கூடாது. சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தாலே 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்க 1952ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் நோட்டு ஒரு பையனைக் காட்டிக்கொடுத்த தாளாக மாறினால், அடுத்த வருடம் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. சிகிச்சைக்குத் தானாகவே ஏ.ஏ.டி.கே. (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்தில் போய்ச் சேர வழி இருக்கிறது என்பதை மட்டும் எல்லா வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அரசு கிளினிக்குகளில் கொடுக்கும் மெத்தடோன் ஹெரோயின் வகைக்குத்தான், சியாபுவுக்கு அது மருந்தல்ல. கேத்தும் இலையை அவித்த தண்ணீரை “மூலிகைதானே” என்பார்கள், ஆனால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் அதுவும் குற்றம்.

கணக்கெடுக்கும் மாதத்தில் நடக்கக்கூடிய இரண்டு ஆபத்து

நோட்டைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே நிறுத்துறேன்” என்று யாராவது சத்தியம் பண்ணுவார். தினமும் அரைப் போத்தலுக்கு மேல் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, சுவரோடு பேசுவது. விரதத்துக்கு மாலை போட்ட மூன்றாம் நாள் “சாமி இறங்கிடுச்சு”, “பேய் பிடிச்சிருக்கு” என்று விபூதி பூசி உட்கார வைப்பது பெரும்பாலும் இதைத்தான். குழப்பமோ வலிப்போ தெரிந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், 999ஐ அழையுங்கள். நிறுத்தும் முன்னரே கிளினிக் மருத்துவரைப் பார்த்தால் மாத்திரையோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் பாதுகாப்பாக இறக்குவார். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தால் மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் பெயரைக் கேட்டுப் பயந்து ஓட வேண்டாம். ஈப்போ பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு.

மற்றது மெத்தனால், கலப்பட மதுவில் இருக்கும் நஞ்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் கலப்பட மது குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். குடித்தவுடன் சாதாரண போதை மாதிரியே இருக்கும். 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் முன்னால் வெள்ளைத் திரை. “ஹேங்ஓவர்” என்று படுக்கவைத்துவிடுவதுதான் கொல்கிறது. மீதிப் போத்தலோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்; கூடக் குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எங்கே கொடுப்பது

கடை உரிமம், நேரம், பள்ளிக்கருகே விற்பனை என்றால் சுங்கை சிப்புட்டுக்குக் கோல கங்சார் மாவட்ட அலுவலகத்தில் உள்ள மது உரிமக் குழு. 21 வயதுக்குக் கீழ் விற்றது, லேபிள், சின்னப் போத்தல் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகம். ஒட்டுவில்லை இல்லாத போத்தல் என்றால் சுங்கத்துறை. மூன்றையும் ஒரே மனுவில் எழுதினால் ஒவ்வோர் அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். மூன்று தனித் தாள் எழுதி, ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணுக்கு மேல் போடாமல், பெற்றுக்கொண்ட முத்திரையோடு ஒரு நகலைத் திரும்ப வாங்கிவிடுங்கள். தோட்டத்து மக்கள் இதைக் கேட்பது புதிதல்ல. 1941இல் கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலிலேயே கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து அதே வீடுகளில், அதே சாக்கோடு இன்னொரு தடவை எண்ணுங்கள். எண்ணி முடித்ததும் வீட்டுத் தாள்களை அந்தந்த வீட்டுப் பெண்ணிடமே கொடுத்துவிடுங்கள். கமிட்டி அலமாரியில் பூட்டி வைப்பது வேண்டாம், அந்தச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தாமானுக்கே தெரியும்.