பறவை விசித்திரமாக நடந்துகொண்டால் முதலில் பின்னால் நகருங்கள்

கோடை வந்தால் பறவை பார்க்கக் கிளம்பும் புதியவர்கள் கூடிவிடுகிறார்கள். கையில் புதுக் கேமரா, போனில் நாலைந்து காணொளி பார்த்த ஆர்வம். நல்லதுதான். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் செய்ததையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பளிச்சென்ற சட்டை போடாதீர்கள், கத்திப் பேசாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பறவையின் விநோதமான நடத்தையைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தூக்கணாங்குருவியின் பாதிக் கூட்டைக் கைவிட்ட கூடு என்று நினைப்பது

பனை ஓலையிலும் கிணற்றோரக் கருவேலத்திலும் கூடுகள் தொங்கும்போது பாருங்கள். சில நீளமாகக் குழாய் வைத்து முடிந்திருக்கும். சில ஹெல்மெட் வடிவத்தில் பாதியில் நிற்கும். காற்றில் பிய்ந்துவிட்டது, குருவி விட்டுவிட்டுப் போய்விட்டது என்று புதியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். சிலர் வரவேற்பறையில் தொங்கவிட அறுத்தும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆண் குருவி முதலில் அதுவரைதான் கட்டும். அப்புறம் கூட்டில் தொங்கிக்கொண்டு சிறகடித்துக் கத்தி, பெண்களைக் கூப்பிடும். வரும் பெண் உள்ளே போய்ப் பார்க்கும், நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதி அறையும் குழாயும். பிடிக்காவிட்டால் அந்த வேலை அத்தோடு நின்றுவிடும். முழுக் கூட்டுக்குச் சுமார் 18 நாள் பிடிக்கும். ஹெல்மெட் கட்டத்துக்கு வரவே 8 நாள் ஆகிவிடும். பெண் முட்டையிட்டு அடையில் உட்கார்ந்ததும் அந்த ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைக் கூப்பிடும். ஆகவே நீங்கள் அறுத்தெடுத்தது பெண் பார்க்க வருமுன்னே கலைத்துவிட்ட வீடாக இருக்கலாம்.

கூட்டுக்குள் ஒட்டியிருக்கும் களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றும் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். களிமண் இருப்பது உண்மை. அதில் மின்மினியைப் பார்த்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

தரையில் முட்டை, தலைக்கு மேல் கூச்சல்: அங்கேயே நிற்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வரவழைக்கும் தவறு இதுதான்.

செங்கல்பட்டுப் பக்கம் வற்றிக் கிடந்த ஓர் ஏரி. மே மாத வெயில், பதினொரு மணி இருக்கும். உடன் வந்த ஓர் இளைஞரின் தலைக்கு மேல் இரண்டு ஆள்காட்டிப் பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின. ஒன்று நேராக முகத்தை நோக்கிப் பாய்ந்து கடைசி நொடியில் விலகிப் போனது. தம்பிக்கு ஒரே சந்தோஷம். "சார், எவ்வளவு பக்கத்துல வருது பாருங்க!" என்று சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். அவர் காலுக்கு மூன்றடி தள்ளி நான்கு முட்டைகள். மண் நிறத்தில் கரும்புள்ளிகள், கூர் முனைகள் உள்பக்கம் பார்க்க, சுற்றிலும் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். கூடு என்று சொல்லக்கூட முடியாது, லேசாகச் சுரண்டிய பள்ளம். முட்டை கண்ணில் பட்டதும் திரும்பி வருவார் என்று பார்த்தால், கீழே உட்கார்ந்து லென்ஸ் மாற்ற ஆரம்பித்தார். கூப்பிட்டதற்கு, "அஞ்சு நிமிஷம் சார், தொடவே மாட்டேன்" என்றார்.

எல்லோரும் சொல்லும் பதில் இது. தொட்டால்தான் தப்பு என்று நினைக்கிறார்கள். நம் ஊர்க் கோடையில் அடை உட்காருவதன் வேலையில் பாதி, முட்டையைச் சூடாக்குவதல்ல, சூட்டிலிருந்து காப்பது. ஆள்காட்டி முட்டை பொரிய 28 முதல் 30 நாள் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். உச்சி வெயில் நேரத்தில் பெரும்பாலும் ஆண் வந்து பெண்ணை விடுவிக்கும். வெயில் ஏறிவிட்டால் சில நேரம் உட்காராது, முட்டைக்கு மேல் நின்று நிழல் மட்டும் தரும். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கும், முதுகு இறகெல்லாம் சிலிர்த்திருக்கும்.

இதற்கும் மேலே ஒரு வேலை செய்யும். தண்ணீருக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரப்படுத்தும். ஏரிக்கரை மறைவிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் நன்றாகத் தெரியும். பறவை நேராகக் கூட்டுக்கு வராது. தள்ளி இறங்கி, நாலு எட்டு நடந்து, நின்று, வேறு திசையில் நாலு எட்டு நடந்து, ஒன்றும் இல்லாத மாதிரிப் பாசாங்கு செய்துகொண்டே வரும். வெள்ளை வயிறு நனைந்து இறகுகள் திரித்திரியாகத் தொங்கும். முட்டைக்கு மேல் இறகை விரித்து அமர்ந்து, அசைந்து அசைந்து இடம் பிடிக்கும். எழுந்தால் முட்டைகள் ஒரு கணம் மினுங்கும், அடுத்த கணம் காய்ந்துவிடும். மறுபடி தண்ணீருக்கு. குஞ்சு பொரிந்த பிறகு அவற்றுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவருவதும் இதே வயிற்று ஈரத்தில்தான்.

நீங்கள் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வரை அந்த ஈரம் பறவையின் வயிற்றிலேயே காய்ந்துபோகும். கட்டாந்தரை காலைச் சுடுகிற நேரத்தில் நிழல் இல்லாமல் கிடக்கும் முட்டைக்கு அஞ்சு நிமிஷம் என்பது சின்ன நேரம் இல்லை. இந்த அஞ்சு நிமிஷமும் யாருக்கும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததில்லை. ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் போய் உட்காருவார்.

காக்கை வேறு. பனைமரத்தில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆள் குனிந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் கரை ஏறுவதற்குள் ஒன்று அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஆள்காட்டிகள் விரட்டின. முட்டை தப்பியதா என்று பார்க்க நாங்கள் திரும்பிப் போகவில்லை. போயிருந்தால் அதே கதை மறுபடியும் நடந்திருக்கும்.

உப்புக்கொத்தி என்ற சின்னத் தரைப்பறவை விஷயத்தில் இன்னும் மோசம். அது தலைக்கு மேல் கத்திச் சுற்றாது, நடிக்கும். ஒரு சிறகை ஒடிந்தது போல் இழுத்துக்கொண்டு, வாலை விரித்துத் தரையில் தடுமாறிக்கொண்டே உங்களுக்கு முன்னால் ஓடும். ஐயோ, அடிபட்டிருக்கிறது என்று காப்பாற்றப் பின்னாலேயே போவார்கள். கூட்டிலிருந்து போதுமான தூரம் கூட்டிப் போனதும் ஜம்மென்று பறந்துவிடும். ஆஹா என்று ரசிக்கலாம். ஆனால் நாடகத்தை மறுபடி பார்க்க வேண்டுமென்று வேண்டுமென்றே திரும்பிப் போய் நிற்பவர்களை என்னவென்று சொல்வது? அந்த நடிப்பு நடக்கிறதென்றால் முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்குக் கிட்டே இருக்கிறது என்று பொருள். குஞ்சுகள் எச்சரிக்கைக் குரல் கேட்டதும் தரையோடு தரையாகப் படுத்து அசையாமல் கிடக்கும். கல்லுக்கும் குஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. மிதித்த பிறகுதான் தெரியும்.

அதனால், பறவை எழுந்து கத்தினாலோ நொண்டினாலோ நில்லுங்கள். காலடியைப் பாருங்கள். வந்த வழியிலேயே, வைத்த அடியிலேயே திரும்புங்கள். பறவை மறுபடி அடையில் போய் உட்காரும் தூரம்தான் உங்கள் தூரம். அது எவ்வளவு என்று பறவை சொல்லும், கேமராவின் ஜூம் அல்ல. அடையாளத்துக்குக் குச்சி நடாதீர்கள், கல் அடுக்காதீர்கள். இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். துப்பாக்கி வேண்டியதில்லை.

ஆடு கூட்டின் பக்கம் வந்தால் ஆள்காட்டி சிறகை விரித்துக் காட்டி வழிமறிக்கும். ஆடு விலகிப் போய்விடும். கேமராக்காரர்தான் விலகுவதில்லை.

போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பது

செய்யாதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று நினைத்து ஓடிவருகிறது, உங்களைப் பார்க்க அல்ல.

ராத்திரியில் பக்கி என்ற இரவுப் பறவையின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ்

வேண்டாம்.

இருவாச்சி மரத்தடியில் காத்திருப்பது

வால்பாறை போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இருவாச்சி பெரிய அலகுள்ள காட்டுப் பறவை. பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையே குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவு கீறல் மட்டும் விடும். உள்ளே பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். குஞ்சு ஓரளவு வளர்ந்து தாய் வெளியே வரும் வரை சாப்பாடு முழுக்க ஆண் கொண்டுவருவதுதான். தொண்டையில் அத்திப் பழங்களை நிரப்பிவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். அந்த ஊட்டுகிற படம்தான் எல்லோருக்கும் வேண்டும்.

மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் கிட்டே வராமல் தள்ளி வேறு மரத்தில் உட்கார்ந்திருக்கும். "இன்னைக்கு வரவே இல்லை சார்" என்பார்கள். வந்திருக்கிறது, நீங்கள் போவதற்காகக் காத்திருக்கிறது. உள்ளே பசியோடு இருப்பவை வெளியே வந்து தேடிக்கொள்ளவும் முடியாது.

காக்கைக் கூட்டில் குயில் குஞ்சைப் பார்த்து நியாயம் பேசுவது

ஐரோப்பியக் குயில் இனம் ஒன்றின் காணொளி எல்லோர் போனிலும் இருக்கிறது. கண் திறக்காத குஞ்சு, வளர்ப்புத் தாயின் முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே தள்ளும். அதைப் பார்த்துவிட்டு நம் தெருக் குயிலும் கொலைகாரன் என்று முடிவு கட்டி, குஞ்சை எடுத்துப் போட்டுக் காக்கையைக் காப்பாற்றியதாகச் சொன்னவர்கள் உண்டு. நம் குயில் குஞ்சு எப்போதும் அப்படித் தள்ளிவிடுவதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு. எப்படியானாலும் பஞ்சாயத்து செய்ய உங்களை யாரும் கூப்பிடவில்லை.

கூவுவது ஆண். கறுப்பு உடம்பு, சிவந்த கண். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண், கிக் கிக் என்று கத்துவதோடு சரி.

மொட்டை மாடியில் பாம்பு சீறுகிறது என்று ஆள் கூட்டுவது

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்தும் பழைய வீட்டுப் பரணிலிருந்தும் ராத்திரியில் நீளமான சீறல் கேட்டால், முக்கால்வாசி நேரம் அது கூகை என்ற ஆந்தையின் குஞ்சு. பசித்தாலும் சீறும், பயந்தாலும் சீறும். டார்ச் அடித்தால் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஆடி ஆடி இன்னும் பலமாகச் சீறும். இருட்டில் அந்த வெள்ளை முகத்தைப் பார்த்துப் பேய் என்று ஓடியவர்களும் உண்டு. எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டு ரொட்டியும் பாலும் வைப்பது அடுத்த தவறு. அது தின்பது எலி. இருந்த இடத்திலேயே விடுங்கள், சுமார் இரண்டு மாதத்தில் தானே பறந்துவிடும். அதுவரை மாடிக் கதவைச் சாத்திவைத்து, துணியை வேறெங்காவது காயப்போடுங்கள். தெருவில் எலி மருந்து வைப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விஷம் தின்ற எலியைத்தான் தாய்க் கூகை குஞ்சுக்குக் கொண்டுவந்து போடும்.