டெவன் ரெக்ஸ் பூனையைக் குளிப்பாட்டுவது எப்படி?

என் டெவன் ரெக்ஸ் பூனை சுருளி வீட்டுக்கு வந்த புதிதில் அவளைத் தினமும் சீவிவிட்டேன். அலையலையான முடி சிக்குப் பிடித்துவிடுமோ என்ற பயம். மூன்றாவது வாரம் கழுத்தடியிலும் நெஞ்சிலும் தோல் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஏதோ தோல் நோய் என்று பதறிப்போய் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் என்ன சீப்பு பயன்படுத்துகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு ஒரு முடியைப் பிடித்து விளக்கடியில் காட்டினார். நுனி பிசிறாக இருந்தது. முடி வேரோடு உதிரவில்லை, பாதியில் ஒடிந்திருந்தது. கம்பிச் சீப்பு செய்த வேலை.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பூனையைத் தூக்குவது, நகம் வெட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், உங்களுடையது டெவன்தானா?

சுருள்முடிப் பூனைகள் எல்லாம் ஒன்றல்ல. 1950இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் கல்லிபங்கர் என்ற சுருள்முடிக் குட்டி பிறந்தது. கார்னிஷ் ரெக்ஸ் அதன் வழி வந்தது. பத்து ஆண்டுகள் கழித்துப் பக்கத்து மாவட்டமான டெவனில், பக்ஃபாஸ்ட்லீ என்ற ஊரில், கிர்லீ என்ற இன்னொரு சுருள்முடிக் குட்டி கிடைத்தது. இரண்டும் ஒரே வகையாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கிர்லீயைக் கார்னிஷ் பெண் பூனைகளோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகள் எல்லாமே நேர்முடி! இரண்டுக்கும் காரணமான மரபணுக்கள் வேறு வேறு என்பது அப்படித்தான் தெரிந்தது.

முகத்தைப் பார்த்தாலே டெவனைக் கண்டுபிடித்துவிடலாம். தலைக்குப் பெரிதாக, தாழ்வாக அமைந்த காதுகள், அகலமான கண்கள், குட்டையான மூக்கு, ஒடிந்த மாதிரி இருக்கும் மீசை. 1987இல் அமெரிக்காவின் மொன்டானாவில் தொடங்கிய செல்கர்க் ரெக்ஸ் அடர்த்தியான சுருள்முடி கொண்டது. அதைக் காயவைப்பது தனி வேலை. இந்த முறை அதற்குப் பொருந்தாது.

எண்ணெய் எங்கே போகிறது?

இது புரிந்தால் மீதி எல்லாம் தானே புரியும். எல்லாப் பூனையின் தோலிலும் எண்ணெய் சுரக்கிறது. மற்ற பூனைகள் நக்க நக்க அது முடி முழுக்கப் பரவி அங்கேயே தங்கிவிடும். டெவனுக்கு மேல்முடி, இடைமுடி, அடிமுடி மூன்றும் உண்டு. ஆனால் மூன்றும் குட்டையாக, வளைந்து, வலுவில்லாமல் இருக்கும். அதனால் எண்ணெய் தோலிலேயே நின்றுவிடுகிறது. காதுக்குள்ளும் நகத்தின் அடியிலும் போய்ச் சேர்கிறது. ஆகவே நம் கவனம் தோலில் இருக்க வேண்டும். சுருள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

என்னென்ன வேண்டும்

பூனைக்கென்றே செய்த, வாசனை சேர்க்காத ஷாம்பூ, ஒரு குவளை, இரண்டு மென்மையான துவாலைகள், பஞ்சு, மருத்துவர் சொன்ன காது கழுவும் திரவம். அவ்வளவுதான். சீப்பு, பிரஷ் எதுவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள்ளங்கையை லேசாக ஈரமாக்கி முடி போகும் திசையில் தடவிவிட்டால் உதிர்ந்த முடி கையோடு வந்துவிடும். மனிதர்களின் ஷாம்பூவும் வேண்டாம். தேயிலை மர எண்ணெய் கலந்த எதையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அது பூனைக்கு விஷம்.

படி 1: காது

திரவத்தைச் சில சொட்டு விட்டு, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசைந்துவிடுங்கள். பூனை தலையை உதறும். உதறட்டும். மேலே வந்த குறும்பியைப் பஞ்சால் துடைத்தால் போதும். பஞ்சுக்குச்சியை உள்ளே விட வேண்டாம், அழுக்கை அது இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

பின்சேர்க்கை: குறும்பி பழுப்பாக வந்தால் காது உண்ணியா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். டெவனுக்குப் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று குறும்பி வருவது வழக்கம். காபித்தூள் மாதிரி உலர்ந்து, கறுப்பாக இருந்து, பூனையும் ஓயாமல் காதைச் சொறிந்தால் உண்ணியாக இருக்கலாம். கெட்ட வாடை அடித்தால் மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகியிருக்கலாம். டெவன்களிடம் அது அதிகம். இரண்டுக்குமே மருத்துவர்தான் வழி.

படி 2: குளியல்

தண்ணீர் நம் கைக்கு வெதுவெதுப்பாக, ஏறக்குறைய 38 டிகிரி இருக்கட்டும். பூனையின் உடல் சூடும் கிட்டத்தட்ட அதுதான். அடியில் ஒரு துவாலையை விரித்தால் கால் வழுக்காது, பாதிப் பயம் போய்விடும். தலையை விட்டுவிட்டு, கழுத்திலிருந்து வால் வரை குவளையால் ஊற்றுங்கள். ஷாம்பூவைத் தண்ணீரில் கலக்கிவிட்டுத் தோலில் படும்படி விரல் நுனியால் தேயுங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும். பிறகு, தண்ணீர் தெளிவாக வடியும் வரை அலசுங்கள். நுரை தங்கினால் அடுத்த நாள் பொடுகு மாதிரி செதில் உதிரும்.

படி 3: நகமடிப்பு

நான் பல மாதம் தடுமாறிய இடம் இதுதான். சுருளியின் நகங்களின் வேரில் கரும்பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி ஒன்று அப்பியிருக்கும். மண் என்று நினைத்து உலர்ந்த பஞ்சால் சுரண்டுவேன். வராது. அவள் காலை இழுப்பாள், நான் விடமாட்டேன், கடைசியில் என் மணிக்கட்டில் ஒரு கீறல். ஒரு நாள் குளியல் நடுவில் தற்செயலாகக் காலைப் பிடித்தபோதுதான் பார்த்தேன், அந்த மெழுகு வெண்ணெய் போல இளகியிருந்தது. அதுவும் தோல் எண்ணெய்தான், இறுகிப்போன எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரும் ஷாம்பூவும் பட்டால் தானே கரையும்.

அதனால் இதை எப்போதும் குளியலின் முடிவில் செய்யுங்கள். பாதத்தைக் கைக்குள் வைத்து, விரலின் மேலும் கீழும் மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். கூடவே மடிப்பும் விரியும். ஷாம்பூத் தண்ணீரில் நனைத்த பஞ்சை நகத்தின் வேரைச் சுற்றி ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். அடுத்த விரல். முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, ஆக 18 விரல்கள். உள்பக்கம் சற்று உயரத்தில் இருக்கும் கட்டைவிரலை மறந்துவிடாதீர்கள், அதில்தான் அதிகம் சேரும். ஒரே நாளில் எல்லாம் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், மீதி அடுத்த முறை. மடிப்பு சிவந்து வீங்கியிருந்தால் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 4: காயவைத்தல்

துவாலையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் முடி ஒடியும், மீசையும் ஒடியும். அப்புறம் உலர்ந்த துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: குளித்தபின் தன் பூனை வெகுநேரம் நடுங்கியதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முடி குறைவு என்பதால் டெவன் சூட்டைச் சீக்கிரம் இழக்கும். காற்று வராத அறையைக் குளிப்பாட்டும் முன்பே சூடாக வைத்திருங்கள். மின்உலர்த்தியை நான் பயன்படுத்துவதில்லை. சத்தமும் பிடிக்காது, மெல்லிய தோலும் எளிதில் சுட்டுவிடும்.

சுருள்முடி என்பதால் ஒவ்வாமை வராது என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தும்மலுக்குக் காரணமான புரதம் பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் இருக்கிறது, டெவனுக்கும் உண்டு. வாங்கும் முன் அந்தப் பூனையோடு சில மணி நேரம் இருந்து பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சில டெவன்களுக்கு வாராவாரம் தேவைப்படும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் தேவைப்படாது. நான் நாள்காட்டி பார்ப்பதில்லை. காதுக்குப் பின்னால் விரலால் தடவி, கட்டைவிரலோடு சேர்த்து உரசிப் பார்ப்பேன். பிசுபிசுத்தால் அன்று குளியல். உலர்வாக இருந்தால் அவளைத் தூங்க விட்டுவிடுவேன்.