சுவர் மாஸும் வல்லாரையும்: கைலென்ஸ் வைத்து ஒப்பிடுவது எப்படி?

மாஸ் (moss) என்பது சுவரில் பச்சை மெத்தை போலப் படரும் சிறு செடி. மாஸ், வல்லாரை இரண்டும் குட்டை, இரண்டும் பச்சை, இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும். தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிவப்பு ஃபுட் கலர், பிளேடு.

1. சேகரிப்பு

மழைக்குப் பிறகு செங்கல் சுவரிலும் பூந்தொட்டி ஓரத்திலும் மாஸ் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் வரும் ஃபியூனேரியா என்ற மாஸே சிக்கினால் அதிர்ஷ்டம். எதுவானாலும், மேலே மெல்லிய காம்புகள் நீட்டியிருக்கும் கொத்தாக எடுங்கள். வல்லாரையைக் கீரைக்காரரிடம் வேரோடு கேளுங்கள். வரப்பிலிருந்து எடுத்தால் பூ இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

2. வேர்

மண்ணை அலசுங்கள். வல்லாரையின் ஓடுதண்டில் கணுவுக்குக் கணு வேர் இருக்கும். மாஸில் இருப்பவை பழுப்பு நூல் போன்ற வேரிகள்; பிடித்துக்கொள்வதுதான் அவற்றின் முக்கிய வேலை.

3. தண்ணீர் ஏறும் வழி

வல்லாரை இலைக்காம்பை நிறம் கலந்த நீரில் சில மணி நேரம் நிறுத்திக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதுதான் சைலம், அதாவது நீரை மேலே கடத்தும் குழாய்த் திசு. (இந்தக் காம்பு துவையலுக்கு வேண்டாம்!) மாஸில் அப்படிப்பட்ட சைலம் கிடையாது. அதை நிழலில் காயவிட்டால் சுருளும். அப்புறம் தண்ணீர் தெளித்தால் கண்ணெதிரே விரியும். நடுநரம்பு தவிர அதன் இலை ஒரு செல் தடிமன்தான், உடம்பாலேயே குடித்துவிடும்.

4. எதை எதோடு ஒப்பிடுவது?

இலையை இலையோடு ஒப்பிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. மாஸின் பச்சைச் செடியில் செல்லுக்கு ஒரு தொகுதி குரோமோசோம். வல்லாரையில் குறைந்தது இரண்டு. மாஸில் இரண்டு தொகுதி இருப்பது அதன் தலையில் நிற்கும் காம்பிலும், அதன் நுனியில் உள்ள கேப்சூல் என்ற ஸ்போர்ப் பையிலும்தான் (ஸ்போர் என்பது மாஸ் பரவ உதவும் தூள் போன்ற செல்). ஆகவே வல்லாரைச் செடிக்கு நேர் இணை அவைதான். அது தாய்ச்செடியை விட்டுத் தனியே பிழைக்காது. வல்லாரையில் இது தலைகீழ்: ஒரு தொகுதித் தலைமுறை (செல்லுக்கு ஒரு தொகுதி குரோமோசோம் உள்ள கட்டம்) மகரந்தத்துக்குள்ளும் சூலுக்குள்ளும் அடங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், சுவரில் வாழும் மாஸின் ஆண் செல் முட்டையை அடைய நீந்தித்தான் போக வேண்டும், அதற்கு மழைநீர் வேண்டும். ஈரநிலத்து வல்லாரைக்கோ அது தேவையே இல்லை. ஆண் செல்லை மகரந்தக்குழாய் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

5. பரவும் விதம்

மூடி விழுந்த ஃபியூனேரியா கேப்சூலின் வாயில் இரண்டு வரிசைப் பற்கள், வரிசைக்கு 16. லென்ஸில் பார்த்தபடி மெல்ல ஊதுங்கள். மூச்சின் ஈரத்துக்குப் பற்கள் அசையும். ஸ்போர்கள் வெளியேறுவது இந்த அசைவால்தான். வல்லாரைக் காய் இரண்டாகப் பிரியும், கொத்தமல்லி போல. இரண்டும் ஒரே குடும்பம்.

6. குறிப்பேடு

அட்டவணையில் 'இலை, தண்டு, வேர்' என்று வரிசை போடாமல் 'ஒரு தொகுதித் தலைமுறை', 'இரு தொகுதித் தலைமுறை' என்று பிரித்து, பார்த்ததை வரைந்து வையுங்கள்.